லோகேஸ்வரி ஏ/பி பக்கிரிசாமி

என் மாமனார் பக்கிரிசாமி இறந்து இரண்டு வருஷம் கழித்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. தடித்த உறை, வெளிநாட்டுத் தபால்தலை, உள்ளே ஆங்கிலம். 'மதிப்பிற்குரிய டாக்டர் பக்கிரிசாமி' என்று தொடங்கி, பெண்கள் சினிமா பார்க்கும் முறை பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் பாராட்டி, ஒரு கருத்தரங்கில் வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

மாமனார் கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் லோரி ஓட்டியவர். வீட்டில் யாராவது படம் பார்த்தால் எழுந்துபோய் டிவியை அடைக்கிற ஆள். என் வீட்டுக்காரர் சபாபதி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரமணி, அப்பா மேல போயி மேல்படிப்பு படிச்சிருக்காரு போல."

நான் நாத்தனாருக்கு போன் போட்டேன். லோகேஸ்வரி, வீட்டில் லோகா. அவள்தான் அந்த வருஷம் சினிமா ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கி, ஒரு கட்டுரையும் வெளியிட்டிருந்தாள்.

"அண்ணி, அது எனக்கு வந்தது. வெளியூர்க்காரனுக்குக் கடைசில இருக்கறதுதான் குடும்பப் பேரு. என் பேர தூக்கிட்டு அப்பா பேர போட்டுட்டான்."

"அப்ப எழுதனது யாரு, நீயா அவரா?"

"நான்தான். ஆனா எல்லாரும் அவருதான்னு நெனக்கறாங்க."

இந்த நாட்டில் இந்தியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐசி என்கிற அடையாள அட்டையில் நம் பெயர் இருக்கும், அப்பா பெயர் இருக்கும், நடுவில் ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. மலாயில் அனாக் லெலாக்கி என்றால் மகன், அனாக் பெரெம்புவான் என்றால் மகள். லோகேஸ்வரி ஏ/பி பக்கிரிசாமி என்றால் பக்கிரிசாமியின் மகள் லோகேஸ்வரி. இங்கே பாலர்பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கடல் தாண்டினால் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு எழுத்துதான் என் நாத்தனாரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது லோகாவுக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாள் அரிசி டின்னை நகர்த்தியபோது பின்னால் ஒரு நோட்டு இருந்தது. படத்தின் பெயர், தேதி, அதற்கு நேரே கோடு கோடாக எண்ணிக்கை. அந்தப் படத்தில் பெண்கள் எத்தனை முறை பேசினார்கள், எத்தனை முறை அழுதார்கள், எத்தனை முறை காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். கதையைப் பற்றி ஒரு வரி இல்லை. இதற்கு முந்திய நோட்டை மாமனார் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கில் வீசியிருக்கிறார். சாக்கடைத் தண்ணீர் அதைக் கொண்டுபோனது. மறுநாளே அவள் இன்னொன்று வாங்கினாள். நான் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்து, டின்னைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினேன்.

அப்பா சொன்னபடி ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். காப்பாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மலாய் சொல்லிக்கொடுத்தாள். தினமும் கிள்ளானிலிருந்து மோட்டாரில் போய் வந்தாள். மழைக்கோட்டு காய நேரமே இருக்காது. ஒன்பது வருஷம் கழித்து, முப்பத்திரண்டு வயதில், அரசாங்க வேலையை விட்டுவிட்டு சினிமா படிக்கப் போகிறேன் என்றாள்.

"படம் பாக்கறதுக்கு யூனிவர்சிட்டியா?" என்றார் மாமனார்.

"ஆமா."

"நீ படிச்சிக் கிழிச்சது போதும்."

"இன்னும் கிழிக்கவே இல்லப்பா."

அதுதான் அவர்கள் இரண்டு பேரும் கடைசியாகப் பேசியது. அவர் இறக்கும்வரை ஆறு வருஷம் ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு பேசாமல் இருந்தார்கள். 'அவகிட்ட சொல்லு', 'அவருகிட்ட சொல்லுங்க' என்று நடுவில் தபால்காரி வேலை எனக்கு. மாமனார் போன பிறகுதான் அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிளாட்டுக்குக் குடிபோனாள்.

கல்யாண வீடுகளில் அவளைச் சும்மா விடமாட்டார்கள். கல்யாணம் ஆகாதவள், வேலையை விட்டவள், அதற்கு மேல் சினிமா. ஒரு பெரியம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஏண்டி, படம் பாக்கறதுக்கா சம்பளம் தராங்க?"

"ஆமா பெரியம்மா. நீங்கதான் ஏமாந்துட்டீங்க, சும்மாவே பாக்கறீங்க."

அவளுடைய ஆராய்ச்சி என் சமையலறையில் ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் மாமனார் வெளியே போயிருந்தார், ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அவள் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"அண்ணி, இப்ப திரையில யாரு?"

"மாமியாக்காரி."

"எப்படித் தெரியும்? நீங்க திரும்பவே இல்லியே."

"வளையல் சத்தம் கேக்கல? இப்ப அவ பேசி முடிச்சதும் வீணை வரும், மருமக அழுவா. பாரு."

வீணை வந்தது. லோகா நோட்டை எடுத்தாள்.

அதற்குப் பிறகு கிள்ளான், காப்பார், பூச்சோங் என்று அறுபத்து மூன்று வீடுகளின் சமையலறைகளில் போய் உட்கார்ந்தாள். ஒலிப்பதிவு செய்தாள். எந்த நேரத்தில் அடுப்பைக் குறைக்கிறார்கள், எந்த வசனத்துக்குக் கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்து நிற்கிறார்கள் என்று நிமிஷம் பார்த்து எழுதினாள். ஐந்து தடவை 'பார்த்த' படத்தில் கதாநாயகனின் முகம் தெரியாத பெண்கள் இருந்தார்கள். குரல் கேட்டால் மட்டும் அடையாளம் சொல்வார்கள். படம் என்பது கண்ணால் பார்ப்பது என்று எழுதியவர்கள் யாரும் வீட்டில் சமைத்ததில்லை என்பது அவளுடைய வாதம். அந்தக் கட்டுரையில் நான் 'தகவலாளி ஒன்று'. மீன் பொரித்ததற்கு எனக்குக் கிடைத்த பட்டம் அது.

கட்டுரை நன்றாக ஓடியது. எங்கெங்கேயோ இருப்பவர்கள் மேற்கோள் காட்டினார்கள். ஆனால் எல்லாம் 'பக்கிரிசாமி கூறுகிறார்', 'பக்கிரிசாமியின் கருத்துப்படி'. சிலர் மிஸ்டர் சேர்த்தார்கள். மாமனார் பெண்களின் சமையலறை அனுபவத்தை ஆழமாகப் புரிந்துகொண்டவர் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த மனுஷன் ஒரு டம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லை.

சினேகிதிகள் ஏ/பியை எடுத்துவிடு என்றார்கள். பதிப்பகத்தார் எடுக்கலாமா என்று கேட்டார்கள். பெயரை ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாகப் போட்டதால், கணினி அவளை மூன்று வேறு ஆட்களாகப் பிரித்து வைத்திருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து திருத்தி அனுப்பினாளே தவிர எடுக்கவில்லை.

பூச்சோங் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கிளையில் அவளுக்கு வேலை. விரிவுரையாளர். தலைமையகம் கடலுக்கு அந்தப் பக்கம், முடிவெல்லாம் அங்கேதான். இணைப் பேராசிரியர் பதவிக்கு மூன்று தடவை விண்ணப்பிக்கலாம். மூன்றாவதிலும் கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டார்கள். லோகாவுக்கு இரண்டு தடவை போய்விட்டது. 2023இல் மூன்றாவது. வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதில் சினிமா டாக்டருக்கு வேறு எங்கே வேலை?

விண்ணப்பம் போய் நான்கு மாதத்தில் பதில் வந்தது. பதவி பற்றி இல்லை. அவள்மேல் விசாரணை. வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றின் நிகழ்ச்சி நிரலில் அவள் தனக்கு இல்லாத பதவியைப் போட்டுக்கொண்டாள் என்று குற்றச்சாட்டு.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியரைச் சுருக்கி ஏ/பி என்றுதான் எழுதுவார்கள். அசோசியேட் புரொபசர். கருத்தரங்குக்காரர்கள் கடைசிப் பெயரை முதலில் போடுகிறேன் என்று எதையோ மாற்றி, நடுவில் இருந்ததைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார்கள். 'ஏ/பி லோகேஸ்வரி பக்கிரிசாமி'. தலைமையகத்தில் யாரோ அதைப் பார்த்து, இந்தப் பெண் பதவி கிடைக்கும் முன்பே பதவியைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறாள் என்று எழுதிவிட்டார்.

லோகாவின் டீன் பேராசிரியர் பரமேஸ்வரன் நம் ஆள்தான். ஈப்போக்காரர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், யாரையும் எதிர்க்கவும் மாட்டாதவர். தனியாகப் பேசவேண்டும் என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைக் கடைக்கு வரச்சொன்னார். லோகா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. சோறு வந்ததும் அதை மறந்தார்.

"லோகா, இது தப்பு இல்லன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா அங்க மினிட்ஸ்ல ஏறிருச்சி. நான் ஒரு லெட்டர் டிராப்ட் பண்ணிருக்கேன். 'குழப்பம் ஏற்பட்டதற்கு வருந்துகிறேன், இனிமேல் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தமாட்டேன்.' ரெண்டே வரி. சைன் பண்ணா முடிஞ்சிருச்சி லா."

"என்ன குழப்பம் பண்ணேன் பிரொப்?"

"நீங்க பண்ணல. ஏற்பட்டது."

"தானா ஏற்பட்டதுக்கு நான் எதுக்கு வருந்தணும்?"

"மூணாவது சான்ஸ் லா இது. யோசிங்க. பேர சுருக்கி லோகா சாமின்னு போட்டா கேக்கறதுக்கும் நல்லா இருக்கு, இன்டர்நேஷனலா."

"லோகா சாமின்னா குறி சொல்ற ஆளு மாதிரி இருக்கு பிரொப்."

அவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். எனக்கு மரியாதைக்காக ஒரு பெயர் அட்டை கொடுத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஒங்க அப்பா பேரு என்ன சார்?"

"தம்புசாமி. ஏன்க்கா?"

"இதுல காணோமே."

"கார்டுல எடம் பத்தாதுக்கா."

"பட்டம் மட்டும் நாலு போட்டிருக்கு."

அவர் கொடுத்திருந்த கடிதத்தை லோகா மடித்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சாம்பார் பட்டுவிட்டது. "விசாரணைக்கே வரேன் பிரொப்," என்றாள்.

விசாரணை இணையத்தில். அங்கே மணி மூன்று, இங்கே பன்னிரண்டு. அந்த நாள் பார்த்து பிரிக்பீல்ட்ஸில் தண்ணீர் வெட்டு. இரண்டு நாளாகக் குழாயில் சொட்டுக்கூட இல்லை. லோகா இரண்டு பை அழுக்குத் துணியும் லேப்டாப்பும் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தாள். குளித்தாள், நல்ல சேலை கட்டினாள், என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். அந்த விசாரணையில் ஒரு முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லாம் காதில் விழுந்ததுதான். மேசை நாற்காலியின் ஒரு கால் ஆடும். அது 'டக்' என்றால் லோகா முன்னால் சாய்கிறாள் என்று அர்த்தம்.

தலைவர் ஒரு பெண். ரொம்ப மெதுவான குரல். அந்த மாதிரிக் குரல் வந்தால் படத்தில் அடுத்து யாரோ வீட்டைவிட்டுப் போகவேண்டியிருக்கும். இன்னும் இரண்டு ஆண்கள். அதில் ஒருவர் இருமினார். பரமேஸ்வரனும் தன் அறையிலிருந்து இணைந்திருந்தார்.

தலைவர், இது பதவியைக் குறிக்கும் எழுத்து என்பது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

தெரியும், ஆனால் என் பெயரில் அது பதவி இல்லை, மகள் என்று அர்த்தம் என்றாள் லோகா. கருத்தரங்குப் பாரத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் எழுதச் சொல்லியிருந்தது, அப்படியே எழுதினேன், அதை இடம் மாற்றிப் போட்டவர்கள் அவர்கள் என்றாள். ஐசியை எடுத்துக் காட்டியிருக்கவேண்டும், பிளாஸ்டிக் அட்டை மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"குழப்பம் வரலாம் என்று நீங்கள் முன்கூட்டியே யோசித்திருக்கலாமே?"

'டக்' என்றது நாற்காலி.

"நான் பிறந்தபோது போட்டது. ஐம்பத்திரண்டு வருஷமாக இருக்கிறது. அப்போது உங்கள் பல்கலைக்கழகத்துக்கு இங்கே கிளை இல்லை. குழப்பத்தை யோசித்திருக்கவேண்டியவர்கள் யார்?"

நான் குழம்பு அடுப்பைக் குறைத்தேன்.

இருமல்காரர் பேசினார். இது உங்கள் நாட்டு வழக்கம் என்கிறீர்கள், ஆனால் அங்கே நம் ஊழியர்களில் எத்தனையோ இந்தியர்கள் இருக்கிறார்கள், வேறு யாரும் இப்படி எழுதுவதாகத் தெரியவில்லையே, நீங்கள் மட்டும் ஏன் என்றார்.

இதற்கு என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியவில்லை. உண்மைதானே. எல்லாரும்தான் எடுத்துவிட்டார்கள். குக்கர் முதல் விசிலுக்குச் சீறத் தொடங்கியது. நெருப்பை அணைத்துவிட்டேன். பருப்பு வேகாவிட்டால் பிறகு வேகட்டும்.

லோகா ஆங்கிலத்தில்தான் கேட்டாள், அமைதியாக.

"பேராசிரியர் பரமேஸ்வரன், உங்கள் ஐசி கையில் இருக்கிறதா?"

அவருடைய அறையில் ஏர்கான் ஓடுவது மட்டும் கேட்டது. இந்த மாதிரி இடத்தில் படமாக இருந்தால் இசை போட்டுவிடுவார்கள். பர்ஸ் திறக்கிற சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு.

"பரமேஸ்வரன், அனாக் லெலாக்கி தம்புசாமி," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் தொடர்ந்தார். "மகன். ஏ/எல். என் மனைவியின் ஐசியில் ஏ/பி. இந்த வளாகத்தில் உள்ள ஏறக்குறைய ஒவ்வொரு இந்திய ஊழியரின் ஐசியிலும் இரண்டில் ஒன்று இருக்கிறது. நாங்கள் எடுத்துவிட்டோம். அவர் எடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

இருமல்காரர் இருமினார். பிறகு அந்த மெதுவான குரல், எல்லாருக்கும் வசதியாக, இனிமேல் அந்த எழுத்துகளைத் தவிர்க்கச் சம்மதிப்பீர்களா என்று கேட்டது. சம்மதித்தால் இன்றைக்கே முடித்துவிடலாம்.

"இல்லை. சம்மதம் இல்லை என்று நிமிடக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்."

லேப்டாப்பை மூடுகிற சத்தம் கேட்டது.

நான் வெளியே வந்தேன். அவள் முகம் வேர்த்திருந்தது. வலது கையில் ஐசி, இடது கையில் நாற்காலியின் விளிம்பு.

"இன்னிக்கே முடிச்சிரலாம்னு சொன்னாங்கல்ல?"

"ஆமா."

"வேண்டாம்னுட்ட."

"ஆமா அண்ணி. பசிக்குது."

"பருப்பு வேகல. ஒன்னாலதான்." அப்பளத்தைப் பொரித்து வைத்துவிட்டு, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அந்த மனுஷன் ஒன் நோட்ட லோங்காங்ல போட்டவரு. ஆறு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசல. அவரு பேருக்கா இவ்வளவு பாடு?"

அவள் அப்பளத்தை உடைத்தாள்.

"அவரு பேருக்கு இல்ல. ஊரு பூரா 'பக்கிரிசாமி சொல்றாரு'ன்னு எழுதறாங்க. உசிரோட இருந்தப்ப என் பேச்சுல ஒரு வார்த்த காதுல வாங்காத ஆளு. அந்த ஏ/பியயும் எடுத்துட்டா, நான் சொன்னதெல்லாம் அவரு சொன்னதாவே போயிரும். சொன்னது அவரு இல்ல, அவரு மகன்னு காட்டறது அந்த ரெண்டு எழுத்துதான் அண்ணி. அத எவனுக்கும் விட்டுத் தரமாட்டேன்."

"மகன்னா ஆம்பளப் பிள்ளன்னு நெனச்சிக்குவான். மகள்னு சொல்லு."

சிரித்தாள். அந்த மாதத்தில் முதல் தடவை.

ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை. அவள் பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள். அறுபத்து மூன்று வீட்டு ஒலிப்பதிவுகளை என் அலமாரியில் கொண்டுவந்து வைத்தாள். வேலை போனால் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் என்று பயம். மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதவில்லை. சபாபதி ஒரு தடவை, ரெண்டு வரிதானே லோகா என்று ஆரம்பித்தார். அன்றைக்கு ராத்திரி அவருக்குக் குழம்பு இல்லை, வெறும் மோர்தான்.

ஆறாவது வாரம் இரண்டு கடிதம் வந்தது. முதலாவதில், குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இல்லை என்று ஒரு வரி. வருத்தம் தெரிவிக்கவில்லை. அவர்களுக்கும் அந்தப் பழக்கம் இல்லை போலும். இரண்டாவதில் பதவி. பரமேஸ்வரன் போன் செய்து வாழ்த்தினார். புதுப் பெயர் அட்டை அடித்திருக்கிறாராம், அக்காவுக்கு ஒன்று அனுப்புகிறேன் என்றார். வந்தது. பட்டம் நான்கும் அப்படியே இருந்தன. எழுத்தைச் சின்னதாக்கி ஏ/எல் தம்புசாமிக்கு இடம் பண்ணியிருந்தார்.

கதவில் மாட்டுகிற அலுமினியப் பலகை வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஒலிப்பதிவுப் பெட்டிகளைத் திரும்ப அறையில் சேர்க்கப் போயிருந்தேன். 'ஏ/பி டாக்டர் லோகேஸ்வரி பக்கிரிசாமி' என்று இருந்தது. லோகா அலுவலகத்துக்கு போன் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் விஷ்ணுப்ரியா என்று ஒரு பெண்.

"டாக்டர், ஏ/பி ரெண்டு வாட்டி வந்துச்சி. டைப்பிங் மிஸ்டேக்குன்னு நெனச்சி ஒண்ண எடுத்துட்டோம்."

"மிஸ்டேக் இல்லம்மா. முன்னாடி உள்ளது வேல, பின்னாடி உள்ளது மக."

"ஓ. ஆனா டாக்டர், பலகைல அவ்வளவு எழுத்துக்கு எடம் இல்ல. ஒண்ணுதான் வைக்க முடியும்."

"அப்ப முன்னாடி உள்ளத எடுத்துரு."

"அது ஒங்க டைட்டில் டாக்டர்."

"தெரியும்மா. எடுத்துரு."

இப்போது அவள் கதவில் 'டாக்டர் லோகேஸ்வரி ஏ/பி பக்கிரிசாமி' என்றுதான் இருக்கிறது. முதலில் வந்த பலகையை அவள் குப்பையில் போடப் போனாள். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் சாப்பாட்டு மேசை நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அது அளவாக இருக்கிறது.